போகவும் வரவும் ஒரு கடல்வழி

பினாங்கு ஒரு தீவு. 1985ஆம் ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரை தீவுக்கும் பெருநிலத்திற்கும் இடையே சாலை வழி கிடையாது. பட்டர்வொர்த்திலிருந்து ஜோர்ஜ்டவுனுக்கு வர விரும்பியவர் ஃபெரியில்தான் ஏற வேண்டும். 1894ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ஃபெரிச் சேவை இன்றும் நடைபெற்று வருகிறது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள நீரிணையைக் கடக்க இருபது நிமிடம் போதும்.

அதே ஜோர்ஜ்டவுன் துறைமுகத்திலிருந்து இன்னொரு கடல்வழியும் இருந்தது. அது வங்காள விரிகுடாவைக் கடந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் சென்றது. அந்த வழியில் பயணம் செய்யப் பல நாள்கள் பிடித்தன. நம் நாட்டில் வாழும் தமிழர்களுள் பலருடைய முன்னோர் அந்த வழியாகவே இங்கு வந்தனர். இன்று அவ்வழியில் பயணிகள் கப்பல் எதுவும் ஓடுவதில்லை.

'நம் தாத்தா கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்' என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்போம். அதைக் கேட்கும்போது, ஒருமுறை வந்து அப்படியே தங்கிவிட்ட ஒரு பயணம்தான் நம் மனத்தில் தோன்றும். உண்மையில் அந்தக் கடல்வழி ஒருவழிப் பாதையன்று. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். போனவர்கள் மீண்டும் வந்தார்கள். அந்தப் போக்குவரவு எப்படி நடந்தது, யாரால் முடிந்தது, ஏன் நின்றது என்பதை இப்பகுதியில் காண்போம்.

காற்றை நம்பிய காலம்

தமிழகத்திற்கும் தீபகற்ப மலேசியாவிற்கும் இடையிலான கடல் தொடர்பு மிகப் பழமையானது. பட்டினப்பாலை என்னும் சங்க நூல், காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைப் பட்டியலிடும்போது காழகத்திலிருந்து வந்த பொருள்களையும் குறிப்பிடுகிறது. காழகம் என்பது இன்றைய கெடா என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். சோழர் காலத்தில் அவ்விடம் கடாரம் எனப்பட்டது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினார். அதற்கு இராசராச சோழர் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தார். அவருடைய மகன் இராசேந்திர சோழர் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின் மீது கடற்படையெடுத்தார். ஆக, அக்காலத்திலேயே கொடையும் போரும் வணிகமும் இந்த ஒரே வழியில் நடந்தன.

பாய்மரக் கப்பல்களுக்குக் காற்றே எரிபொருள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல்கள் கிழக்கு நோக்கி வந்தன. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் அவை மேற்கே திரும்பின. காற்று மாறும்வரை வணிகர்கள் வந்த இடத்திலேயே தங்கிக் காத்திருந்தனர். கடலிலிருந்து வருவோருக்குத் தொலைவிலேயே தெரியும் அடையாளமாகக் கெடாவிலுள்ள குனோங் ஜெராய் மலை நின்றது. அதன் உயரம் 1,217 மீட்டர். அம்மலையின் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோவில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவினார். சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்களும் கூலித் தொழிலாளர்களும் உடனே இங்கு வரத் தொடங்கினர். இவர்கள் சூலியர் எனப்பட்டனர். ஜோர்ஜ்டவுனில் உள்ள சூலியா தெரு இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. 1794ஆம் ஆண்டில் லைட் எழுதிய ஒரு குறிப்பில், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவருவதாகக் குறிப்பிடுகிறார். அவர்கள் இங்கே வணிகமோ கூலி வேலையோ செய்து சிறிது பணம் சேர்த்ததும் ஊர் திரும்புவதாகவும், அவர்களின் இடத்திற்கு வேறு சிலர் வருவதாகவும் எழுதியுள்ளார்.

இந்தக் குறிப்பு நமக்கு முக்கியமானது. பினாங்கு நகரம் தோன்றிய முதல் பத்தாண்டுகளிலேயே போவதும் வருவதும் வழக்கமாகிவிட்டது என்பதை அது காட்டுகிறது.

சஞ்சியும் கங்காணியும்

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பினாங்குக்கு எதிரேயுள்ள செபராங் பிறையில் பெரிய கரும்புத் தோட்டங்கள் உருவாயின. அவற்றுக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழகத்தில் வறட்சியாலும் கடனாலும் வாடிய ஏழை மக்கள் ஒப்பந்தத்தின்பேரில் அழைத்து வரப்பட்டனர். அந்த ஒப்பந்தத்தைச் 'சஞ்சி' என்று மக்கள் அழைத்தனர். அதனால் அவர்களுக்குச் 'சஞ்சிக்கூலிகள்' என்ற பெயர் வந்தது.

சஞ்சிக்கூலியாக வந்தவர் கப்பல் கட்டணத்தைக் கையில் வைத்திருக்கவில்லை. அந்தக் கட்டணம் அவர்மீது கடனாக ஏற்றப்பட்டது. கடனை உழைத்துக் கழிக்கும்வரை அவர் தோட்டத்தை விட்டு வெளியேற முடியாது. சூலிய வணிகர் விரும்பியபோது கப்பலேறினார். சஞ்சிக்கூலியால் அது முடியவில்லை. கடல் ஒன்றுதான், ஆனால், பயணச்சீட்டுக்கு யார் பணம் கொடுத்தார் என்பதைப் பொறுத்துப் பயணியின் உரிமை மாறியது.

நீராவிக் கப்பல்கள் வந்த பின் காற்றுக்காகக் காத்திருக்கும் தேவை நீங்கியது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே கால அட்டவணைப்படி கப்பல்கள் ஓடின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1907ஆம் ஆண்டில் தமிழ்க் குடியேற்ற நிதி என்ற ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் அந்நிதிக்குப் பணம் செலுத்தினர். அந்தப் பணத்தைக் கொண்டு தொழிலாளர்களின் பயணச் செலவு ஈடுகட்டப்பட்டது. இதனால் பயணச் செலவு தொழிலாளியின் தனிக் கடனாக இருந்த நிலை மாறியது. 1910ஆம் ஆண்டில் சஞ்சி முறை முடிவுக்கு வந்தது.

அதன்பின் கங்காணி முறை மேலோங்கியது. தோட்டத்தில் வேலை செய்த கங்காணி தம் சொந்த ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். அவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகிலுள்ள ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். மருத்துவச் சோதனை முடிந்த பின்னரே கப்பலில் ஏற்றப்பட்டனர்.

ரஜுலா என்னும் கப்பல்

இந்தக் கடல்வழியில் ஓடிய கப்பல்களுள் மக்கள் மனத்தில் நிலைத்த பெயர் 'ரஜுலா'. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்திற்காக 1926ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இது கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் ஆகியவை அதன் வழக்கமான துறைகள். ஒரு கால்பந்துத் திடலைவிட நீளமான கப்பல் அது.

ரஜுலாவில் அறை வசதி கொண்ட பயணிகள் சிலரே. மற்ற அனைவரும் தளப் பயணிகள். மக்கள் பேச்சில் அது 'டெக்' எனப்பட்டது. தொடக்கக் காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல ரஜுலாவுக்கு அனுமதி இருந்தது. இன்றைய பெரிய விமானம் ஒன்றில் ஏறக்குறைய நானூறு பேர் செல்லலாம் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டுக்கும் மேற்பட்ட விமானங்களில் செல்லக்கூடிய மக்கள் ஒரே கப்பலில் சென்றனர் எனலாம். அந்த எண்ணிக்கை பிற்காலத்தில் வெகுவாகக் குறைக்கப்பட்டது.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க ஆழம் போதாது. எனவே, கப்பல் கடலுக்குள் சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளும் மூட்டைகளும் படகுகளில் ஏற்றப்பட்டுக் கப்பலின் அருகே கொண்டு செல்லப்படுவர். அலையில் படகு ஏறி இறங்கும்; அந்த நிலையில் கப்பலின் ஏணியைப் பிடித்து மேலே ஏற வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்க்கும் வயது முதிர்ந்தவர்க்கும் பயணத்தின் முதல் சோதனை அதுவே.

கடலில் எத்தனை நாள்?

நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் இடையேயுள்ள தொலைவு 2,300 கிலோமீட்டருக்கு மேல். இதைக் கடல் மைலில் சொன்னால் ஏறத்தாழ 1,260 ஆகும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் ஒரு கப்பல் சென்றால், இத்தொலைவைக் கடக்க 105 மணி நேரம் ஆகும். அதாவது, நான்கு நாள்களுக்கும் மேல் கரையே தெரியாத பயணம். சென்னையிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் நின்று ஆள் ஏற்றி, பினாங்கையும் கிள்ளானையும் தொட்டுச் சிங்கப்பூர் சேர ஒரு வாரத்துக்கு மேலாகும்.

கப்பல் முதலில் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடக்கும். பிறகு நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடைப்பட்ட கடற்பகுதியை அடையும். அதைக் கடந்தால் மலாக்கா நீரிணையின் வாயில் வந்துவிடும். விரிகுடாவில் தள்ளாடிய கப்பல் நீரிணைக்குள் நுழைந்ததும் சற்று அமைதியாகச் செல்லும்.

தளத்தில் வாழ்க்கை

தளப் பயணிக்குக் கட்டிலும் இல்லை, அறையும் இல்லை. பாயை விரித்த இடமே வீடு. ட்ரங்குப் பெட்டியே சுவர். முன்னதாக ஏறியவர்கள் காற்று வரும் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். பின்னால் வந்தவர்களுக்கு இயந்திரச் சூட்டுக்கு அருகிலோ ஆள் நடமாடும் வழியிலோ இடம் கிடைக்கும். மழை பெய்தால் கீழ்த்தளத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டும்.

முதல் இரண்டு நாள்களில் பலரைக் கடல் நோய் வாட்டியது. தலை சுற்றும், எதைச் சாப்பிட்டாலும் வாந்தி வரும். எலுமிச்சம்பழமும் ஊறுகாயும் கைமருந்தாயின. உடல் கப்பலின் ஆட்டத்திற்குப் பழகிய பிறகே சோறு இறங்கும். சோறும் பருப்பும் பெரிய பாத்திரங்களில் சமைக்கப்பட்டு, வரிசையில் நிற்போருக்கு வழங்கப்பட்டன. கப்பலில் சமைத்தவர் 'பண்டாரி' எனப்பட்டார். மாலுமிகளின் தலைவர் 'சாரங்'. சுக்கானைப் பிடிப்பவர் 'சுக்கானி'. இச்சொற்கள் இந்தியப் பெருங்கடலின் பல துறைமுகங்களிலும் வழங்கியவை. மலாய் மொழியில் உள்ள 'காப்பால்' என்னும் சொல்லும் தமிழின் 'கப்பல்' என்னும் சொல்லிலிருந்து சென்றதே.

தளத்தில் பல ஊர் மக்கள் ஒன்றாக இருந்தனர். தஞ்சாவூர் விவசாயி, இராமநாதபுரத்து மரம் ஏறுபவர், நாகூர் வணிகர், காரைக்குடி வட்டிக்கடைப் பையன், தெலுங்கு பேசும் தொழிலாளி ஆகியோர் பக்கத்துப் பக்கத்தில் பாய் விரித்தனர். ஊரில் தெருவாரியாகவும் சாதிவாரியாகவும் பிரிந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பிரிவுகள் கப்பலில் ஏறியதும் மறைந்துவிடவில்லை. ஆனால், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே தளத்தில் நாள் கணக்கில் படுத்துறங்கும்போது, ஊரில் காத்த இடைவெளியை அப்படியே காக்க இடம் போதவில்லை. இரவில் யாரேனும் பாடுவார். யாரேனும் கதை சொல்வார். முன்பே மலாயாவில் வேலை செய்தவர், புதியவருக்குத் தோட்டத்தைப் பற்றியும் துரையைப் பற்றியும் கூறுவார். வாழ்க்கையைப் பற்றிய முதல் பாடம் பலருக்கு அங்கேயே கிடைத்தது.

வரும்போது கொண்டுவந்த மூட்டையும் போகும்போது கொண்டுசென்ற மூட்டையும் வேறு வேறு. இங்கு வந்தவர்கள் ஊறுகாய், வடகம், பித்தளைப் பாத்திரம், சாமி படம் ஆகியவற்றைக் கொண்டு வந்தனர். ஊருக்குப் போனவர்கள் கம்பளிப் போர்வை, கைலி, டார்ச் விளக்கு, கோடாலித் தைலம் போன்றவற்றை நிரப்பிக் கொண்டனர். விமானப் பயணத்தைப் போல் எடைக் கட்டுப்பாடு கடுமையாக இல்லாததால், ஒரு குடும்பம் தன் வீட்டுச் சாமானையே பெட்டிகளில் கட்டிக்கொண்டு போக முடிந்தது. தங்கை திருமணத்துக்கான சீரும் தாய்க்கான மருந்தும் அந்தப் பெட்டிகளில் சென்றன.

கரையேறும் முன்

பினாங்கு கண்ணுக்குத் தெரிந்த பின்னும் எல்லாரும் உடனே கரையேற முடியவில்லை. அக்காலத்தில் வாந்திபேதியும் பெரியம்மையும் பெரும் அச்சத்தைத் தந்த நோய்கள். நெரிசலான தளத்தில் ஒருவருக்கு நோய் கண்டால் அது வேகமாகப் பரவும். பினாங்குத் தீவின் கிழக்கே உள்ள ஜெரேஜாக் தீவில் 1870களில் ஒரு தனிமைப்படுத்தும் நிலையம் அமைக்கப்பட்டது. நோய் கண்ட கப்பலில் வந்த தளப் பயணிகள் அங்கு இறக்கப்பட்டனர். அவர்களுடைய துணிகள் நோய்க்கிருமி நீக்கப்பட்டன. குறிப்பிட்ட நாள்கள் கழிந்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

கண்ணெதிரே ஜோர்ஜ்டவுன் விளக்குகள் தெரியும். ஆனால், அங்குப் போக முடியாது. பொதுமக்களின் உடல்நலத்தைக் காக்க அந்த ஏற்பாடு தேவையாக இருந்தது. கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் தனிமைப்படுத்தலை நாமும் அனுபவித்திருக்கிறோம். ஆகவே, அந்தக் காத்திருப்பின் தவிப்பை நம்மால் ஓரளவு உணர முடியும்.

வழி அடைபட்ட ஆண்டுகள்

வந்தவர்கள் எத்தனை பேர், திரும்பியவர்கள் எத்தனை பேர்? மலாயா இந்தியர்களின் குடியேற்றத்தை ஆராய்ந்த கெர்னியல் சிங் சாந்து என்னும் அறிஞரின் நூல் 1969ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1957ஆம் ஆண்டு வரையில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மலாயாவுக்கு வந்தனர் என்பதும், அவர்களுள் பெரும்பாலோர் திரும்பிச் சென்றனர் என்பதும் அவருடைய ஆய்வின் முடிவு. ஒருவரே பலமுறை வந்து சென்றதும் அந்தக் கணக்கில் அடங்கும்.

எனினும், அந்தப் போக்குவரவு எப்போதும் மக்களின் விருப்பப்படி நடக்கவில்லை. 1930ஆம் ஆண்டு தொடங்கி உலகப் பொருளாதார மந்தம் தாக்கியது. இரப்பர் விலை சரிந்தது. வேலை இழந்த இந்தியத் தொழிலாளர்களுள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சில ஆண்டுகளுக்குள் அரசாங்கச் செலவில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணி முறை அத்துடன் முடிவுற்றது.

அடுத்து வந்தது போர். 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுன்மீது குண்டு வீசின. பயணிகள் கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஒரு கரையில் இருந்த கணவன் உயிரோடு இருக்கிறாரா என்பது மறுகரையில் இருந்த மனைவிக்குத் தெரியவில்லை. சயாம் - பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அவர்களுடைய ஊர்களுக்கு அச்செய்தி பல ஆண்டுகள் எட்டவில்லை. சில வீடுகளுக்கு எட்டவே இல்லை.

கப்பல்களும் போருக்குச் சென்றன. ரஜுலா படைவீரர்களை ஏற்றிச் சென்றது. ரஜுலாவைப் போலவே 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்டு இதே வழியில் ஓடிய 'ரோனா' என்ற கப்பல் 1943ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியரின் தாக்குதலில் மூழ்கியது. அதில் சென்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரஜுலா தப்பியது. போர் முடிந்த பின் அது மீண்டும் பழைய வழியில் ஓடத் தொடங்கியது. பல ஆண்டுகள் பிரிந்திருந்த குடும்பங்கள் அப்போதுதான் ஒன்று சேர்ந்தன.

ஆனால், காலம் மாறிவிட்டது. இந்தியா, மலாயா ஆகிய இரு நாடுகளும் விடுதலை பெற்றுத் தனித்தனி நாடுகளாயின. 1953ஆம் ஆண்டு முதல் மலாயாவில் குடிநுழைவுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. கடலைக் கடக்கக் கடப்பிதழும் அனுமதியும் தேவைப்பட்டன. எந்த நாட்டின் குடிமகன் என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் விடை சொல்ல வேண்டியிருந்தது. சிலர் மலாயாக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தனர். சிலர் 'எப்படியும் ஊருக்குப் போகத்தானே போகிறோம்' என்று எண்ணி விட்டுவிட்டனர். வேறு சிலருக்குப் படிவத்தை நிரப்பித் தர ஆளில்லை.

1969ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. நீல அடையாள அட்டை பெற்றவர் இருந்தார். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர் வேலையை இழக்கும் நிலைக்கு ஆளானார். பல ஆண்டுகள் இங்கு உழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி இந்தியாவுக்குச் சென்றனர். ஒரே குடும்பத்தில் பெற்றோர் அங்கும் பிள்ளைகள் இங்குமாகப் பிரிந்ததுண்டு. முன்பு 'போய் வருகிறேன்' என்று சொல்லிக் கப்பலேறியவர்கள் இப்போது வரும் உரிமை இல்லாமல் போனார்கள். ஒரு தாளை நிரப்புவதும் நிரப்பாததும் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை எந்த அளவு மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கடைசிக் கப்பல்

ஏறக்குறைய 47 ஆண்டுகள் உழைத்த ரஜுலாவை 1973ஆம் ஆண்டில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கியது. அடுத்த ஆண்டே அது உடைக்கப்பட்டது.

அதன் இடத்தை 'சிதம்பரம்' என்ற கப்பல் ஏற்றது. 1966ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கட்டப்பட்ட அக்கப்பலின் பழைய பெயர் 'பாஸ்டர்'. இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி, வ. உ. சிதம்பரம் பிள்ளையின் நினைவாகப் பெயர் சூட்டியது. ஆங்கிலேயரின் கப்பல் நிறுவனத்துக்குப் போட்டியாக 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர் அவர். அந்த முயற்சியை முறியடிக்க முனைந்தது பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம். அதே நிறுவனத்தின் ரஜுலா ஓடிய கடல்வழியில், பிற்காலத்தில் வ. உ. சி.யின் பெயரைத் தாங்கிய கப்பல் ஓடியது.

சிதம்பரம் கப்பல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பத்தாண்டுகளுக்கு மேல் சென்று வந்தது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது அதில் தீ மூண்டது. பலர் உயிரிழந்தனர். கப்பல் மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. 1985ஆம் ஆண்டில் உடைக்கப்பட்டது.

அப்போதைக்குள் விமானப் பயணம் பரவியிருந்தது. ஒரு வாரத்திற்கு மேல் விடுப்பு எடுத்துக் கடலில் செல்வதைவிட, சில மணி நேரத்தில் சென்னையில் இறங்குவதையே மக்கள் விரும்பினர். பயணிகளை இழந்த வழியில் புதிய கப்பலை விட யாரும் முன்வரவில்லை. தொழிலாளர் குடியேற்றமும் எப்போதோ நின்றுவிட்டது. இவ்வாறு பல காரணங்கள் ஒன்று சேர்ந்து பழைய கடல்வழியை முடித்து வைத்தன.

வேகம் கூடியது உண்மை. ஆனால், விமானக் கட்டணம் எல்லாருக்கும் எட்டக்கூடியதாக இருக்கவில்லை. மலிவான தளச் சீட்டில் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுக்கோ ஒருமுறை ஊருக்குப் போய் வந்த தோட்டக் குடும்பங்களுக்கு அந்தப் பயணம் அரிதாயிற்று. பல வீடுகளில் கடிதம் குறைந்தது. பிறகு உறவினரின் முகவரியே மறந்துபோயிற்று.

இன்று எஞ்சியிருப்பவை

அத்தகைய பயணம் எப்படி இருந்திருக்கும் என்பதை அறிய விரும்புவோர்க்கு இன்றும் சில வழிகள் உள்ளன. சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குப் பயணிகள் கப்பல்கள் செல்கின்றன. ஏறத்தாழ மூன்று நாள் பயணம் அது. அறைகளோடு, குறைந்த கட்டணத்தில் அடுக்குப் படுக்கை வகுப்பும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023ஆம் ஆண்டு அக்டோபரில் பயணிகள் கப்பல் சேவை தொடங்கப்பட்டது. சில மணி நேரத்தில் கடலைக் கடக்கும் அச்சேவை, நாகைத் துறைமுகத்தில் மீண்டும் பயணிகளின் குரல் கேட்க வழி செய்தது.

ஜோர்ஜ்டவுனில் நடந்தாலே அந்தக் கடல்வழியின் தடங்களைக் காணலாம். முன்பு பயணிகள் கப்பல்கள் அணைந்த ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையில் இப்போது உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அங்கிருந்து சிறிது தொலைவில் குவீன் தெருவில், 1833ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் உள்ளது. 1801ஆம் ஆண்டில் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதற்கு அருகிலேயே இருக்கிறது. சூலியா தெருவில் உள்ள நாகூர் தர்கா, மறுகரையிலுள்ள நாகூரை நினைவூட்டுகிறது. கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் ஊரின் நினைவை இங்கே கல்லாகவும் சுவராகவும் எழுப்பி வைத்தனர்.

கோவிலையும் பள்ளிவாசலையும் கட்டியவர்களின் பெயர்கள் சில நமக்குத் தெரியும். தளத்தில் பாய் விரித்து வந்த இலட்சக்கணக்கானவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களைப் பற்றிய சான்றுகள் பெரும்பாலும் வீடுகளில்தான் உள்ளன: மங்கிப்போன ஒரு கடப்பிதழ், அம்மை குத்தியதற்கான சான்றிதழ், துருப்பிடித்த ட்ரங்குப் பெட்டி, துறைமுகத்தில் எடுத்த ஒரு நிழற்படம். வீடு மாறும்போதும் துப்புரவு செய்யும்போதும் இவை எளிதாகக் குப்பைக்குப் போய்விடுகின்றன. கப்பலில் வந்த அனுபவத்தைத் தம் வாயால் சொல்லக்கூடிய பெரியவர்களின் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. கடைசிக் கப்பலில் கைக்குழந்தையாக வந்தவருக்கே இன்று நாற்பது வயதைக் கடந்துவிட்டது.

ஆகவே, உங்கள் குடும்பத்திலோ குடியிருப்பிலோ உள்ள முதியவர்களை அணுகிக் கேளுங்கள். எந்தத் துறைமுகத்தில் ஏறினீர்கள்? கப்பலின் பெயர் என்ன? யார் சீட்டு வாங்கினார்? பெட்டியில் என்ன இருந்தது? மீண்டும் ஊருக்குப் போனீர்களா? போகவில்லை என்றால், ஏன்? அவர்கள் சொல்வதை நாளும் ஊரும் குறித்து எழுதி வையுங்கள். பழைய ஆவணங்கள் இருந்தால் படமெடுத்துப் பாதுகாத்து வையுங்கள். முன்னோர் ஏன் வந்தார்கள் என்று மட்டும் கேட்டால் பாதி வரலாறே கிடைக்கும். ஏன் திரும்பிப் போகவில்லை என்றும் கேட்டால்தான், இந்த நாடு அவர்களுக்கு எப்போது சொந்த நாடாயிற்று என்பது நமக்குத் தெரியவரும்.